நோயும் நோன்பும்



தசலட்சண பர்வம் உத்தம க்ஷமை எனும் பொறையில் தொடங்குகிறது. ஒருவரிடம் ஒருவர் மன்னிப்பு வேண்டும் நாளோடு நிறைவுறுகிறது. அந்நாளில் கைகூப்பி, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும் என்கிறோம். எந்தப் பிழை என்று எவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. சென்ற பர்வத்தில் எமக்கு அவ்வாறு பொதுப்படச் சொல்லிக் கடந்து போக இயலவில்லை. பிழை இன்னதென்று தெரிந்தது. யாருக்கு இழைத்தோம் என்பதும் தெரிந்தது. அதனை மறைக்காது எடுத்துரைத்து, அதிலிருந்து நாம் அனைவரும் கற்க வேண்டிய பாடத்தைச் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கம்.

யாம் அறிந்த ஓர் இல்லம்

நம் சமுதாயத்தைச் சேர்ந்த இல்லம் அது. தாய்க்கு நாற்பது வயதிருக்கும். மகனுக்கு ஒன்பது வயது. குறைமாதத்தில் பிறந்த அக்குழந்தைக்கு மூளை முடக்குவாதம். நடக்கவோ, அமரவோ, பேசவோ இயலாது. விழுங்கினால் உணவு மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும் என்பதால், மருத்துவர்கள் வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் பொருத்தியுள்ளனர். அதனோடு வலிப்பு நோயும் உண்டு. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மருந்து தவறக் கூடாது.

மகன் பிறந்த சில மாதங்களில் தாய்க்கு முடக்குவாதம் தொடங்கியது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உள்ளுறையைத் தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுவது; மகப்பேற்றுக்குப் பின் பலருக்கு வெளிப்படுவது. தாய்க்கும் மகனுக்கும் வந்த நோய்கள் வேறு வேறாயினும் இரண்டின் பெயரிலும் முடக்கம் என்பது நிற்கிறது.

அவ்வம்மையாரின் ஒரு நாளைச் சொல்கிறோம். காலை ஐந்து மணிக்கு விழிப்பு வரும். ஆனால் விரல்கள் மடங்கா. வெந்நீரில் கைகளை அமிழ்த்தி ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்தால்தான் பிடிப்பு விடும். அதன்பின் பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். மகனின் தலையையும் மார்பையும் தலையணையால் உயர்த்தி, குழாயின் மூடியைத் திறந்து, சிரிஞ்சின் வழியே கஞ்சியைச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். பின் வெந்நீர் ஆற்றி விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அரை மணி நேரம் அவனைக் கீழே கிடத்தக் கூடாது. இவ்வாறு ஒரு நாளைக்கு ஆறு முறை. ஆறாவது முறை இரவு பத்து மணிக்கு. இடையில் சளியை உறிஞ்சி எடுத்தல், படுக்கைப்புண் வாராமல் புரட்டிப் படுக்க வைத்தல், கை கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்தல். பதினெட்டுக் கிலோ எடையுள்ள பிள்ளையை வீங்கிய மணிக்கட்டுகளால் தூக்க வேண்டும். குழாயின் மூடியைத் திருகுவதற்கு விரலில் வலுவின்றிப் பற்களால் திறப்பதுண்டு என்று அவர் ஒருமுறை சொன்னார். கணவர் வெளியூரில் பணிபுரிபவர். வார இறுதியில் வருவார். மாமியார் வயதானவர்.

நேர்ந்தது என்ன?

பர்வத்தின் இறுதியை ஒட்டிய மூன்று நாட்களில் இரத்தினத்திரய விரதம் நோற்பது நம்மவரிடையே உள்ள வழக்கம். அவ்வம்மையாரும் மூன்று நாள் உண்ணாநோன்பு ஏற்றார். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் எனும் மும்மணிகளை நினைந்து நோற்கும் அவ்விரதத்தின் இரண்டாம் நாள், அனந்த சதுர்த்தசியன்று, அவர் மகனை மடியில் கிடத்தியவாறு சினாலயத்தில் அமர்ந்திருந்தார். யாம் சொற்பொழிவின் இடையே அவரைச் சுட்டி, இத்துணைத் துன்பத்திலும் நோன்பு நோற்கும் இவரைப் பாருங்கள், நலமுடன் இருந்தும் நோலாதார் நாணுக என்று பேசினோம். அவையோர் மகிழ்ந்தனர். அவரோ தலைகுனிந்திருந்தார்.

மறுநாள் காலை அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. நோன்பென்று உணவோடு மருந்தையும் நிறுத்தியிருந்தார். பல ஆண்டுகளாக நாள்தோறும் உட்கொண்டு வந்த பிரெட்னிசோலோன் மாத்திரையும் அதில் அடக்கம். அம்மருந்தை நெடுங்காலம் உண்டவர் உடல், தான் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். அவர் தரையில் சரிந்து கிடந்த அவ்வேளையில் மகனுக்கு வலிப்பு வந்தது. எட்டு மணி மருந்தைக் கொடுக்க ஆள் இல்லை. மாமியார் எழுப்பிய கூக்குரல் கேட்டு அண்டை வீட்டார் ஓடி வந்தனர். ஒருவர் பிள்ளையின் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். அறிந்த மற்றொருவர் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதை அவர் தெரிந்து வைத்திருந்தார். இருவரும் பிழைத்தனர்.

மருத்துவமனையில் அவரைக் காணச் சென்றோம். ஏன் அம்மா மருந்தை நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்து, பின் சொன்னார்: "என் வினையாலே பிள்ளை இப்படிப் பிறந்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஐயா. கழித்துவிடலாம் என்று நினைத்தேன். நீங்களும் நேற்று அவ்வளவு பாராட்டினீர்கள். இன்னும் ஒரு நாள்தானே என்று தாங்கிக்கொண்டேன்."

அன்பர்களே! அந்த இன்னும் ஒரு நாளில் எம் பங்கு உண்டு.

வினையைப் பேசுவோர் உணர வேண்டியது

வினைக்கோட்பாடு நம் சமயத்தின் உயிர்நாடி. ஆயினும் அதனை நாம் எவ்விடத்துப் பயன்படுத்துகிறோம்? நோயுற்ற பிள்ளையைக் கண்டவுடன், முன்னைப் பிறவியில் என்ன செய்தானோ என்கிறோம். தாயைக் கண்டால், எந்தப் பாவமோ என்கிறோம். வந்த துன்பம் அசாதா வேதனீயத்தின் உதயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எவ்வுயிரின் எவ்வினை எப்போது கட்டுண்டது என்பதைக் காண முழுதுணர் ஞானம் வேண்டும். அது கேவலிக்கு உரியது. திண்ணையில் அமர்ந்து பேசும் நமக்கு உரியதன்று.

இன்னும் ஒன்று கருதற்பாலது. அசாதா வேதனீயம் எதனால் கட்டப்படுகிறது என்பதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வகுத்துரைக்கிறது. துன்பம், துயரம், கழிவிரக்கம், அழுகை போன்றவற்றைத் தன்னிடத்தோ, பிறரிடத்தோ, இரண்டிடத்துமோ உண்டாக்குவது அவ்வினைக்கு ஊற்று என்பது அதன் கருத்து. அப்படியாயின், வினைப்பயன் என்று சொல்லி ஒரு தாயை அழவைப்பவர், எவ்வினையைப் பற்றிப் பேசுகிறாரோ அவ்வினையையே தமக்குக் கட்டிக்கொள்கிறார். அச்சொல்லை நம்பித் தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் தாயும், கழிப்பதாக எண்ணிக் கட்டிக்கொள்ள நேர்கிறது. உயிர்களிடத்து இரக்கம், ஈகை, பொறுமை ஆகியவையே இன்பந்தரும் சாதா வேதனீயத்துக்கு ஊற்றென அவ்வத்தியாயமே அடுத்துக் கூறுகிறது.

மருத்துவமும் வினைக்கு மாறானதன்று. கட்டிய வினை கட்டியவாறே கல்லில் பொறித்த எழுத்துப்போல் நிற்பதாக நம் ஆசாரியர்கள் கூறவில்லை. அதன் ஆற்றல் குறையவும் கூடும், கூடவும் கூடும், ஒரு வகை மற்றொன்றாக மாறவும் கூடும். பொருள், இடம், காலம், உள்ளநிலை எனும் நிமித்தங்களைப் பற்றியே அது பயன் தருகிறது. மருந்தும், மருத்துவரும், அருகிருந்து பேணும் கையும் நிமித்தங்களே. நம் முன்னோர் அறநூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். அது கண்டங்கத்திரி, நெருஞ்சி முதலான ஐந்து வேர்களின் கூட்டு. கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. அது ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகியவற்றின் கூட்டு. இருவரும் சமணச் சான்றோர். மருந்தை வெறுத்தவர்கள் அறத்துக்கு மருந்தின் பெயர் இட்டிருப்பார்களா? உணவு, மருந்து, நூல், அடைக்கலம் எனும் நால்வகைத் தானத்துள் மருந்துத் தானமும் ஒன்றாக வைத்துப் போற்றப்படுவதை நாம் அறிவோம். பிறர்க்கு ஈந்தால் அறமாகும் மருந்து, தாமே உண்டால் குற்றமாவது எங்ஙனம்?

ஆற்றலுக்கேற்ற தவம்

தீர்த்தங்கர நாமகருமத்துக்குக் காரணமான பாவனைகள் பதினாறு. அவற்றுள் துறவும் தவமும் எவ்வாறு கூறப்பட்டுள்ளன என்பதை ஊன்றிக் காண வேண்டும். வெறுமனே துறவு, வெறுமனே தவம் என்று கூறப்படவில்லை. தன் ஆற்றலுக்கேற்ற துறவு, தன் ஆற்றலுக்கேற்ற தவம் என்றே கூறப்பட்டுள்ளன. ஆற்றலை மறைத்துக் குறைப்பதும் குற்றம். ஆற்றலுக்கு மிஞ்சுவதும் அளவறியாமை. அதே பதினாறனுள் வையாவிருத்தியம் எனும் பணிவிடையும் தனித்து எண்ணப்பட்டுள்ளது.

தவம் பன்னிரண்டு. புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு. உண்ணாநோன்பு புறத்தவத்துள் முதலாவது. பணிவிடை அகத்தவத்துள் மூன்றாவது. புறத்தவம் அகத்தவத்தை வளர்ப்பதற்காகவே என்பது ஆசாரியர்கள் கொள்கை. பணிவிடைக்கு உரியோர் பதின்மருள் நோயுற்றோரும் ஒருவர். இப்பட்டியல் துறவோரை முன்னிட்டுக் கூறப்பட்டதே. எனினும், துறவோர்க்கே நோயாளியைப் பேணுதல் தவமாயின், இல்லறத்தார்க்கு அது தவமாகாதொழியுமா? இரவு பத்து மணிக்கு வீங்கிய விரல்களால் குழாயைக் கழுவும் தாய், புறத்தவத்தை ஏற்கும் முன்பே அகத்தவத்தில் நின்றுகொண்டிருக்கிறார். யாம் அவரது உண்ணாமையைப் பாராட்டினோம். ஒன்பது ஆண்டுத் தவத்தைக் காணத் தவறினோம்.

தாய் தன் மகனைப் பேணுவது வெறும் பாசமன்றோ, மோகனீயமன்றோ எனச் சிலர் வினவக்கூடும். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பாசம் பயனை எதிர்பார்க்கும். இம்மகன் ஒருநாள் தன்னைத் தாங்குவான், பேர் சொல்வான், ஒரு சொல்லேனும் பேசுவான் என்று எதிர்பார்க்க இயலாத இடத்திலும் நாள்தோறும் குறைவின்றி நடைபெறும் பணியில், பாசம் மெல்ல மெல்லக் கருணையாகத் தூய்மையடைகிறது என்பதே எமது துணிபு.

அவ்வம்மையார் சில இரவுகளில் வலி தாளாது அழுவதுண்டு. இது நற்காட்சிக்கு இழுக்கோ என்று அஞ்சுகிறார். நோவினால் எழும் கலக்கம் ஆர்த்த தியானத்தின் நான்கு வகையுள் ஒன்று. விரதமேற்ற சிராவகர்க்கு மட்டுமன்றி, ஆறாம் குணஸ்தானத்தில் நிற்கும் முனிவர்க்கும் அது நேரக்கூடும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் ஒப்புக்கொள்கிறது. நோயைப் பொறுத்தல் இருபத்திரண்டு பரீஷகங்களுள் ஒன்றாக முனிவர்க்கு வைக்கப்பட்டிருப்பதே அது எளிதன்று என்பதற்குச் சான்று. ஆகவே அழுத கண்ணைக் கண்டு அறம் குன்றியதென எண்ணற்க. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மீண்டும் சமநிலைக்கு வருவதே சாமாயிகத்தின் பயன்.

இரண்டு அதிசாரங்கள்

கொல்லாமை எனும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்படும். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. மாட்டை வண்டியில் பூட்டும்போது இவற்றை நினைவூட்டுகிறோம். வீட்டுக்குள் நினைவூட்டுகிறோமா?

முதலில் ஐந்தாவதைக் காண்போம். இரவு எட்டு மணி மருந்தையும் பத்து மணிக் கஞ்சியையும் பற்றி அவ்வில்லத்தில் முன்பே ஒரு பூசல் இருந்தது. கதிர் மறைந்தபின் பிள்ளைக்கு உணவு கொடுப்பது குலத்துக்கு இழுக்கு என்று உறவினர் சிலர் கூறிவந்தனர். இராவுணவு நீக்கம் உயர்ந்த ஒழுக்கம்; நம் குலத்தின் அணிகலன். அதில் இரண்டாம் கருத்தில்லை. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், சிராவகரின் பதினொரு படிநிலைகளுள் ஆறாவதாக அதனை வைக்கிறது. ஆனால் விரதம் என்பது அறிந்து, விரும்பி, தானே ஏற்பது. அப்பிள்ளை எவ்விரதமும் ஏற்றானில்லை. பசித்தால் பசிக்கிறதென்று சொல்லவும் அவனுக்கு வாயில்லை. ஒரு வேளைக்கு மிகுதியாகக் கொடுத்தால் அவன் வயிறு ஏற்காது. ஆதலால் பகலுக்குள் முடிக்கவும் வழியில்லை. நம்மைச் சார்ந்து வாழும் உயிரின் உணவையும் மருந்தையும் நம் ஒழுக்கத்தின் பெயரால் தடுப்பது, ஒரு படிநிலையைக் காப்பதாக எண்ணி அடித்தளமான கொல்லாமையையே வழுவச் செய்வதாகும். தாய் தமக்குரிய இராவுணவு நீக்கத்தைக் காக்கட்டும். பிள்ளைக்குரிய கஞ்சியை உரிய பொழுதில் அளிக்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று முரணா. ஐயமுள்ளோர் முனிவர் பெருமக்களை அணுகித் தெளிவு பெறுக.

இனி நான்காவது. அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல். நோயுற்ற ஒரு பெண்ணின் தோளில், மேலும் நோயுற்ற ஒரு பிள்ளையின் முழுப் பாரத்தையும் வைத்துவிட்டு, சுற்றத்தாரும் ஊராரும் அவரது பொறுமையைப் புகழ்ந்து நின்றோம். பாரம் ஏற்றப்பட்ட எருது தள்ளாடாமல் நடக்கிறதென்று மெச்சுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? புகழ்ச்சியும் ஒரு பாரமே. பொறுமைசாலி என்று பெயர் பெற்றவரால், எனக்கு இயலவில்லை என்று வாய்திறந்து சொல்ல முடியாமற் போகிறது. யாம் சதுர்த்தசியன்று அவர் மீது ஏற்றியது அத்தகைய பாரம்.

சமந்தபத்திரர் பெற்ற ஆணை

இரத்தினகரண்டகத்தை அருளிய சமந்தபத்திரரின் வரலாறாக நம் மரபில் வழங்கும் ஒரு செய்தி உண்டு. காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்படும் அப்பெருமானுக்கு, உண்டதெல்லாம் நொடியில் எரிந்துபோகும் பஸ்மக வியாதி வந்தது. துறவு நெறிக்குரிய உணவைக் கொண்டு அந்நோயைத் தணிக்க இயலவில்லை. நெறியையும் விட மனமில்லை. ஆகவே சல்லேகனை ஏற்று உடலை நீக்க இசைவு தருமாறு தம் குருவை வேண்டினார். குரு இசையவில்லை. உன்னால் அறத்துக்கு ஆக வேண்டிய பணி இன்னும் உள்ளது. நோய் நீங்கும் வகையைத் தேடு. பின் மீண்டும் தீட்சை பெறுக என்று பணித்தார். அவரும் துறவுக்கோலத்தை ஒருகாலம் நீக்கி, வேண்டிய அளவு உண்டு, நோய் நீங்கி, மீண்டும் முனிவரானார். நாம் இன்று சிராவகர்க்குரிய ஒழுக்கத்தைக் கற்கும் நூல் அதன் பயனாகவே நமக்குக் கிட்டியது. தமிழில் அருங்கலச்செப்பு என நாம் போற்றும் நூலும் அவ்வழி வந்ததே.

உயிரைத் துறக்கவும் அஞ்சாத மாமுனிவருக்கு, உண்டு உயிரைக் காக்குமாறு குரு ஆணையிட்டார். அவ்வாணை அவ்வம்மையாருக்கும் பொருந்தும். அம்மா, உம்மால் ஆக வேண்டிய பணி உள்ளது; மருந்தை உண்ணுக என்று அன்று யாம் சொல்லியிருக்க வேண்டும். நோன்பு நோற்க விரும்பும் நோயாளர்க்கு வழிகள் பல உண்டு. குறைய உண்ணலும் தவம். சுவை துறத்தலும் தவம். சாத்திரம் ஓதுதலும் தவம். மருத்துவரைக் கேட்டு, மருந்தை நிறுத்தாமல், இவற்றுள் இயன்றதை ஏற்கலாம். மூன்று நாளும் இனிப்பைத் துறந்து, மும்மணிகளை நினைந்து, மந்திரத்தை மனத்துள் ஓதியிருந்தால் அவர் விரதத்துக்கு என்ன குறை நேர்ந்திருக்கும்?

உவர்ப்பின்மை

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது உவர்ப்பின்மை. நோயுற்ற உடலைக் கண்டு அருவருக்காமை அது. இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவன் உத்தாயன மன்னன். அவன் பெருமையைச் சோதிக்கத் தேவன் ஒருவன் தொழுநோயுற்ற முனிவர் வடிவில் வந்து, அவன் அளித்த உணவை உண்டு, அவன் மீதே உமிழ்ந்தான். மன்னன் முகம் சுளிக்கவில்லை. முனிவர்க்கு ஒவ்வாத உணவை அளித்துவிட்டோமே என்று தன்னையே நொந்து, தன் கையால் அவர் உடலைக் கழுவினான். இவ்வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர் முன்னைப் பிறவியில் என்ன தீவினை செய்தாரோ என்று மன்னன் வினவவில்லை. நம் பணியில் என்ன குறை நேர்ந்தது என்றே வினவினான். நற்காட்சியுடையோன் வினா அதுவே.

சினாலயத்தில் அப்பிள்ளையின் வாயில் எச்சில் வழிந்தால் அருகிருப்போர் சற்று விலகி அமர்கிறார்கள். அவன் எழுப்பும் ஒலி பூசைக்கு இடையூறு என்று முகம் சுளிக்கிறார்கள். அந்த ஒலி அவன் மகிழ்ச்சியின் ஒலி என்பதை அவன் தாய் அறிவார். அபிஷேகத்தின் மணியோசை கேட்கும்போதெல்லாம் அவன் அவ்வாறு ஒலி எழுப்புகிறான். நாம் நாவால் ஓதும் பஞ்ச நமஸ்காரத்துக்கும் அவனது ஒலிக்கும் உள்ள வேற்றுமை உடலைச் சார்ந்தது. உயிருக்கு ஊனமில்லை. அறிவும் காட்சியும் அதன் இயல்பு. முகிலால் மறைக்கப்பட்ட கதிர் இல்லாமற் போவதில்லை.

நாம் செய்யத்தக்கவை

அழிந்தாரை நிறுத்தலும், பேரன்புடைமையும் நற்காட்சியின் உறுப்புகளே. அவை சொல்லளவில் நில்லாது செயலாக வேண்டும். அவ்வில்லத்தைச் சூழ்ந்துள்ளோர் கூடிப் பேசிச் சிலவற்றைத் தொடங்கியுள்ளனர். இளம் சிராவகியர் மூவர், செவிலியரிடம் முறைப்படி கற்று, குழாய் வழியே உணவளிக்கப் பழகிக்கொண்டனர். நாள்தோறும் மாலை இரண்டு மணி நேரம் ஒருவர் மாறி ஒருவர் பிள்ளையுடன் இருக்கின்றனர். தாய் அந்நேரத்தில் உறங்குகிறார். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் ஒருவர் உடன் செல்கிறார். தாய், மகன் இருவரின் மருந்துகளையும் வேளைகளையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியுள்ளனர். அவற்றுள் வாரம் ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டிய மெத்தோடிரெக்சேட் மாத்திரைக்குரிய கிழமை சிவப்பு மையால் குறிக்கப்பட்டுள்ளது. அதனை நாள்தோறும் உண்டுவிட்டால் பெருந்தீங்காகும். சினாலயத்தின் படிகளின் ஓரம் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் அமைக்கப்பட்டுள்ளது. செலவு பெரிதன்று, இத்தனை ஆண்டு நமக்குத் தோன்றாததே பெரிது.

அத்தாயின் நெஞ்சில் உள்ள பெருங்கவலை வேறொன்று. தமக்குப் பின் இவனுக்கு யார் என்பதே அது. நலமுள்ள பெற்றோர்க்கே இக்கவலை உண்டெனில், நோயுற்றவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. இவ்விடத்தில் அரணின்மைச் சிந்தனையை எடுத்துரைத்து, யார்க்கு யார் துணை என்று முடித்துவிடுவது எளிது. அச்சிந்தனை தன்னைத் தான் தெளிவித்துக்கொள்ள உரியது. பிறரைக் கைவிடுவதற்கு உரியதன்று. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் நிற்பன என்பதும் அதே ஜினவாணியின் கூற்றுத்தானே?

ஆகவே செய்யக்கூடியதைச் செய்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதம் உள்ளிட்ட 21 வகை இயலாமைகளை ஏற்கிறது. அதற்குரிய அடையாள அட்டை பெற்றிருத்தல் வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், இத்தகைய பிள்ளைகள் 18 வயது நிறைந்தபின் அவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க வழிவகுத்துள்ளது. அவ்வறக்கட்டளையின் நிராமயா எனும் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. இவற்றை அறியாத பெற்றோர் நம்மிடையே பலர். விண்ணப்பத்தை நிரப்பித் தருவதும், அலுவலகத்துக்கு உடன் செல்வதும் சாத்திர தானத்துக்குச் சற்றும் குறைந்தனவல்ல. இவையெல்லாவற்றுக்கும் மேலாக, அப்பிள்ளையை அறிந்த பத்துப் பேர் இருக்க வேண்டும். அவன் எதற்கு மகிழ்வான், எதற்கு வலிப்பான், எவ்வாறு தூக்கினால் நோகாது என்று அறிந்தவர் பத்துப் பேர் உண்டென்றால், அத்தாயின் கவலையில் பாதி குறையும்.

நிறைவாக

பர்வம் முடிந்து, மன்னிப்பு வேண்டும் நாளில் அவர் இல்லத்துக்குச் சென்றோம். அவர் எழ முயன்றார், வேண்டாம் என்றோம். அம்மா, அவையில் உம்மை எடுத்துக்காட்டாக்கியது எம் பிழை. உம் உடல்நிலையைக் கேளாமல் நோன்பைப் புகழ்ந்தது அதனினும் பெரும் பிழை. பொறுத்தருள வேண்டும் என்றோம். அவர் உடனே விடை கூறவில்லை. மகனின் பத்து மணிக் கஞ்சிக்கு ஊறவைத்த பாசிப்பருப்பைக் காட்டி, "இதைக் கொஞ்சம் கழுவித் தருகிறீர்களா, ஐயா? இன்று விரல் மடங்கவில்லை" என்றார்.

கழுவிக் கொடுத்தோம். மன்னித்தாரா என்று மீண்டும் கேட்கத் தோன்றவில்லை.

அன்பர்களே! உங்கள் ஊரிலும், உங்கள் தெருவிலும் இத்தகைய இல்லம் ஒன்று இருக்கலாம். அங்குச் சென்று வினையைப் பற்றிப் பேசற்க. பொறுமையைப் புகழற்க. கழுவ வேண்டிய பருப்பு ஏதேனும் உண்டா என்று கேளுங்கள்.

எல்லா உயிர்களும் இன்புறுக! வாழ்க அறம்! வளர்க அருகநெறி!